பெரட்டில் கூப்பிடும் நம்பர்

கேரளத்து மலையில், ஏலப்பாறையில் என் கடைக்கு வந்த எவரிடமும் நான் பாஸ்வேர்டு கேட்டதில்லை. நானே வைத்துக் கொடுத்ததை எதற்குக் கேட்க வேண்டும்? சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் ஸ்காலர்ஷிப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் நர்சிங்குக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்ட பிள்ளைகளில் பாதிப் பேருடைய பக்கங்கள் என் விரல் பட்டால் திறக்கும். அதில் எனக்கு அப்போது பெருமை வேறு. இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒற்றை ஷட்டர். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபோட்டோஸ்டாட் மெஷின். மழை மாதங்களில் காகிதம் ஈரம் குடித்து மெஷினுக்குள் சுருண்டுகொள்ளும் என்பதால் காகிதக் கட்டுக்கு மேலே எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்தெடுத்த கூலியில் கட்டப்பனையில் கம்ப்யூட்டர் படித்து, திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டேன். எனக்கு வாய் அதிகம். வரிசையில் நிற்கிறவர்களிடம் எரிந்து விழுவேன், ஆனால் வேலையை முடிக்காமல் யாரையும் அனுப்ப மாட்டேன். கத்துவாள், ஆனால் செய்து கொடுத்துவிடுவாள் என்று மலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

பாஸ்வேர்டு விவகாரம் ஒரு மழைநாளில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வந்திருந்தாள். போன வருஷம் நான் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டுச் சீட்டு மழையில் ஊறி மை கரைந்து வெறும் நீலக் கறையாகியிருந்தது. ஊகித்து ஊகித்து மூன்று தடவை தப்பாகப் போட்டேன். பக்கம் பூட்டிக்கொண்டது. இனி மறுநாள்தான். அவர்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தவர்கள். அந்த அம்மாவுக்கு அன்றைய கூலியும் போச்சு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வந்தபோது அந்த அம்மாவிடம் பிறந்தநாள் கேட்டேன், அதையே பாஸ்வேர்டாக வைத்துவிடலாம் என்று. தெரியாது என்றார். எங்கள் மலையில் பாதிப் பேருக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. சரி, செத்தாலும் மறக்காத நம்பர் ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நானூத்திப் பதினேழு" என்றார்.

தோட்டத்தில் வேலைக்குச் சேரும்போது கொடுக்கிற ஆள் நம்பர் அது. காலையில் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிட மாட்டார், நம்பரைத்தான் கூப்பிடுவார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்த நம்பர், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த நம்பர், லயத்தில் வீடு கொடுத்த புத்தகத்தில் அந்த நம்பர். என் அம்மா இறந்தபோது துக்கத்துக்கு வந்த பெண்கள் "இருநூத்தி எண்பத்தெட்டு போயிட்டாளே" என்றுதான் அழுதார்கள்.

எனக்கு அன்றைக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. தோட்டத்தின் பெயர், நடுவில் அந்த @ குறி, அப்புறம் அம்மாவின் நம்பர். அவ்வளவுதான், இனி எவரும் மறக்க மாட்டார்கள். அன்றிலிருந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதே முறைதான். ஒரு மலை முழுவதும் தினமும் காலையில் உரக்கக் கூப்பிடுகிற ஒன்றை எடுத்து நான் ரகசியமாக வைத்தேன். வேறு எந்த ஊர்க் கம்ப்யூட்டர்காரியும் இந்தக் கூத்தைச் செய்திருக்க மாட்டாள்.

ஓடிபியிலும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். லயங்களில் ரேஞ்சு கிடையாது. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும், அதுவும் அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போயிருக்கும். இங்கே நான் பொத்தானை அமுக்கினால் ஓடிபி அங்கே மேட்டில் நிற்கிற ஆளுக்குப் போகும், அவர் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் எல்லா விண்ணப்பத்திலும் போன் நம்பர் என்ற இடத்தில் கடை போனின் நம்பரையே போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது ஓடிபி வரும். தூரத்திலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டால் வாசித்துச் சொல்வேன். ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டே சொல்வேன், சில்லறை எண்ணிக்கொண்டே சொல்வேன். இதற்கு யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த நானூத்திப் பதினேழின் மகள் பிளஸ் டூவுக்கு வந்த வருஷம், பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த எண்ணை வைக்கக் கூடாது. ஓடிபியைப் பெற்ற தாயே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அதெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு, பேங்கில் பணம் வைத்திருப்பவர்களுக்கு என்று மனதுக்குள் எங்கோ நினைத்திருக்கிறேன்.

ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. அடுத்த வாரமே கடைக்கு வந்தாள். நர்சிங் படிப்புக்கு அப்போதுதான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தேன். கூட்டம் ஒரு பத்துப் பேர் நிற்கிறது. ஓரமாக ஒதுங்கி நின்று, கூட்டம் கொஞ்சம் கரையட்டும் என்று காத்திருந்து, கரையாததால் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, எம் பாஸ்வேர்ட மாத்தணும். அம்மா நம்பரு எல்லாருக்கும் தெரியும்ல. போன் நம்பரும் எங்க வீட்டுது போட்டுக்கிடலாமாக்கா? நீங்கதான வகுப்புல சொன்னீக."

எனக்கு எங்கிருந்துதான் அந்த எரிச்சல் வந்ததோ. நான் சொன்ன பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறாள் என்பதாக இருக்கலாம். வேலை நேரத்தில் தொந்தரவு என்பதாகவும் இருக்கலாம்.

"ஏட்டி, உன்னத எவன் திறக்கப் போறான்? திறந்து எதத் தூக்கிட்டுப் போவான், உங்க அம்மா கொழுந்துச் சாக்கையா?" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "சரிக்கா" என்று சொல்லிப் போய்விட்டாள். ஐந்து நிமிஷ வேலை அது. அந்த ஐந்து நிமிஷத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. வாய்க்கொழுப்பு என்று என் அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அலாட்மென்ட் வந்த அன்று தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை. அரசு நர்சிங் கல்லூரி, நான்கு வருஷப் படிப்பு, விடுதியோடு. அந்த டிவிஷனிலிருந்து அப்படி ஒரு இடம் வாங்கிய முதல் பெண் அவள்தான். நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மாவின் சந்தோஷத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை முடிய இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். வீட்டில் வேறு யாராவது ஆளாகப் பெயர் கொடுத்திருந்தால் மட்டுமே வீடு நிற்கும். அப்பா மூச்சிரைப்பில் படுத்த ஆள். அவளுடைய அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒற்றை அறையில் மனைவியும் கைக்குழந்தையும். தங்கை தோட்டத்தில் பெயர் கொடுக்கட்டும், இல்லையென்றால் அப்பாவையும் அம்மாவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தானாம். தாய்க்காரிதான் மகள் பக்கம் நின்றார். வீடு போனால் போகட்டும், அவள் போய்ப் படிக்கட்டும் என்று என் கடையில் நின்றே சொன்னார்.

இடம் வேண்டும் என்று மூன்று நாளுக்குள் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதற்குச் சாதிச் சான்றிதழை ஏற்றியாக வேண்டும். அது வில்லேஜ் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் எந்தத் தமிழ்நாட்டு ஊரிலிருந்து மலையேறினார்கள் என்பதற்கு அவர்களுக்குக் காகிதம் வேண்டும். பஞ்சத்தில் மலையேறியவன் காகிதமா கட்டிக்கொண்டு வந்தான்? நான் ஆபீசுக்குப் போன் செய்து கத்தியதில் மறுநாள் தருவதாகச் சொன்னார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு நாளை மறுநாள் வா, முடித்துவிடலாம் என்று அவளை அனுப்பினேன்.

இடையில் இருந்த அந்த ஒரு நாள் மத்தியானம், கடை போன் அடித்தது. ரேஷன் கார்டுக்கு ஆதார் இணைக்கிற கூட்டம் அன்றைக்கு வாசலை அடைத்து நின்றது. கூப்பிட்டவன் அவள் அண்ணன். ஊருக்கு வந்திருக்கிறேன் என்றான். தங்கச்சி அலாட்மென்ட் விஷயமாக ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்றான். குரல் மிகவும் பணிவாக இருந்தது. பார்த்தேன், வந்திருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஆறு எண்ணையும் வாசித்தேன். அவன் ஒரு தடவை திருப்பிச் சொன்னான். நான் சரி என்றேன்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தச் செய்தி மூன்று வரி நீளம். எண்ணை மட்டும்தான் என் கண் தேடியது. பொறுப்பான அண்ணன், தங்கைக்காக லீவு போட்டு வந்திருக்கிறான் என்று எனக்கு அவன்மேல் மதிப்புக்கூட வந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவள் வந்து நின்றாள். சான்றிதழ் நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தாள். பக்கத்தைத் திறந்தேன். முந்தாநாள் பச்சை எழுத்தில் கல்லூரியின் பெயர் இருந்த இடத்தில், விண்ணப்பதாரர் இந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நான் இரண்டு தடவை மூடித் திறந்தேன். அதே வரி. அவள் என் பின்னால் நின்று அதைப் படித்தாள்.

"நான் ஒண்ணுமே அமுக்கலக்கா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு முந்தின நாள் போன் ஞாபகம் வந்தது. மேசைக்குக் கீழே வைத்துப் போனைத் திறந்து அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். கிடைத்த இடத்தை விட்டுக்கொடுப்பதற்கான எண் இது, இதை யாரோடும் பகிராதீர்கள் என்று இருந்தது. தெளிவான ஆங்கிலம். நான் படித்தவள்தான், எனக்குப் புரியும்.

அதை அழித்தேன். இந்த வரியை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவள் ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே, மேசைக்குக் கீழே, கட்டைவிரலால் அழித்தேன். யோசித்துச் செய்ததில்லை. அடுப்பில் பால் பொங்கினால் கை தானாகப் போகுமே, அப்படிப் போனது.

அவள் கெட்டிக்காரி. ஓடிபி இல்லாமல் எப்படி அக்கா விட்டுக்கொடுக்க முடியும் என்று கேட்டாள். இப்போதெல்லாம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எப்படி எப்படியோ செய்கிறான்கள், ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று சொன்னேன். வகுப்பில் நான் காட்டிய அதே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். நம்பினாள். நான் சொன்னால் அந்த மலையில் நம்பாதவர் யார்?

அலாட்மென்ட் ஆபீசுக்கு மனு எழுதினோம். யாரோ முகம் தெரியாதவர்கள் என் கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மின்னஞ்சலில் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன். பதில் வருவதற்குள் இரண்டாவது லிஸ்ட் வந்தது. அவளுடைய இடம் வேறு ஒரு பிள்ளைக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் கடிதம் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கடைக்கு வந்தாள். அம்மாவுக்குப் புரிவதற்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் திறக்கப்பட்டிருக்கிறது. ஹேக் எதுவும் நடக்கவில்லை. பதிவு செய்த கைபேசிக்கு அனுப்பிய ஓடிபியும் சரியாகப் போடப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த வரியை அவள் சொல்லவில்லை. கண் மட்டும் அதன்மேல் ஓடியது. பிறகு மேசைமேல் கிடந்த கடை போனை ஒரு தடவை பார்த்தாள். கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்துவிட்டு, "அவ்வளவுதாம்மா, போவோம்" என்றாள்.

அவர்கள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடிதத்தில் பார்த்து வைத்திருந்த அலுவலக நம்பருக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனுஷர், மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் ஒருவர் அவளைக் கேட்காமல் செய்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்து, செய்தவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், இரண்டாவது லிஸ்டுக்கு முன்னால் பரிசீலித்திருப்போம் என்றார். ஹேக் என்று எழுதியதால் அது வேறு பிரிவுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. நேரம் அதில்தான் போயிருக்கிறது. போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அழுது என்ன புண்ணியம்.

கடிதம் வந்த வாரமே அண்ணன்காரன் வீட்டில் ஒப்புக்கொண்டான். அம்மா நம்பர்தான் பாஸ்வேர்டு என்பது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம், அவனுக்குத் தெரியாதா? அடுத்த தடவை அவன் ஊருக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் கடையிலிருந்து இறங்கிப்போய் நடுரோட்டில் பிடித்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டாயே, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. நான் எவ்வளவுக்குக் கத்துகிறேனோ அவ்வளவுக்கு என் பெயர் வெளியே வராது என்று எனக்கு ஒரு கணக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஓடிபி யார் கொடுத்தது என்று அங்கே நின்ற ஒருவர் கேட்கத்தான் செய்தார். அவன் குனிந்து பையிலிருந்த தூசியைத் தட்டினான்.

கூட்டம் கலைந்த பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான்.

"வீடு போயிருமேங்கிற பயத்துல செஞ்சுட்டேன்க்கா. எதுக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா எனக்குக் கை ஓடியிருக்காது" என்றான்.

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினேன். அதற்குள் அம்மாவின் கடைசி வேலைநாள் வந்துவிட்டது. அப்பாவை அந்த மூச்சோடு எங்கே தூக்கிக்கொண்டு போவது? ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பெயர் கொடுத்தாள். ஒரு வருஷம் நான்காகிவிட்டது. அந்தத் தோட்டத்தில் தாய் இறங்கிய நம்பரில் மகளை ஏற்றுவது வழக்கம். காலையில் பெரட்டில் நானூத்திப் பதினேழு என்று கூப்பிட்டால் இப்போது அவள்தான் கையைத் தூக்குகிறாள்.

அந்த அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. பலாப்பழம் பழுத்தால் எனக்கென்று எட்டுச் சுளை பொதிந்து அனுப்புவார், எங்களுக்காக அவ்வளவு அலைந்த பிள்ளை என்று. வாங்கி வைத்துக்கொள்கிறேன். தின்ன முடிவதில்லை. பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கடையில் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய விண்ணப்பங்களில் என் போன் நம்பரை எடுத்துவிட்டு அவரவர் நம்பரைப் போடுவதற்கு ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. ரேஞ்சு இல்லையென்றால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கே வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், முன்பெல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது, இவளுக்கு இப்போது தலைக்கனம் என்று. பள்ளியில் மறுபடியும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். போனேன். இந்த முறை ஒரு கதையும் சொன்னேன். வேறொரு ஊரில் ஒரு கடைக்காரி இருந்தாள், போனில் கேட்டவனுக்கு ஓடிபியை வாசித்துவிட்டாள், ஒரு பெண்ணின் படிப்பே போய்விட்டது என்று. பிள்ளைகள் அந்தக் கடைக்காரியைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அந்தக் கடைக்காரி நான்தான் என்று அங்கேயும் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதுவரை அவள் எதற்கும் என் கடைக்கு வந்ததில்லை. ஏதாவது பிரிண்ட் வேண்டுமென்றால்கூடக் குட்டிக்கானம் பஸ்ஸைப் பிடித்துப் போவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருந்தது, அதனால் வேறு வழியில்லை. பி.எஃப். கணக்குக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், தோட்டத்தில் அன்றைக்குக் கடைசித் தேதி என்று சொல்லியிருந்தார்கள். விரல் நுனிகளெல்லாம் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், அப்படியேதான் என்றாள். படிப்பைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை.

பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். போன் நம்பர் கேட்பதற்கு முன்னாலேயே தன்னுடையதைச் சொன்னாள். பாஸ்வேர்டு என்ற கட்டம் வந்தது. என் விரல் இருக்கிறதே, சனியன், அது பழக்கத்தில் தோட்டத்தின் பெயரில் முதல் எழுத்தை அடித்துவிட்டது. அவள் கையை நீட்டிக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே போட்டுக்கிடுதேன்க்கா. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

குரலில் கோபமெல்லாம் இல்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது அது. திரும்பினேன். என் முகத்துக்கு நேரே சுவரில், நானே என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய தாள், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. முதுகுக்குப் பின்னால் அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்குகிற சத்தம் கேட்டது. அவள் முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"அந்த ஓடிபிய உங்க அண்ணனுக்கு நாந்தான் வாசிச்சேன்" என்றேன் சுவரைப் பார்த்து.

சத்தம் நின்றது.

"தெரியும்க்கா. லெட்டர்ல கட போன் நம்பரோட கடைசி நாலு எண்ணு இருந்துச்சு."

அவள் ஸ்டூலை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"வாசிச்சதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. அண்ணன்தான கேட்டான், யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாக" என்றாள். "அன்னைக்குக் காலைலயே எங்கிட்டச் சொல்லியிருந்தீகன்னா, அவனையும் கூட்டிட்டு நானே அலாட்மென்ட் ஆபீசுக்கு ஓடியிருப்பேன்."

நான் திரும்பப் போனேன். இன்னும் முடியவில்லை அக்கா என்றாள். மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல். முடித்துவிட்டு, இனித் திரும்பலாம் என்றாள். திரும்பினேன். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. என் கண் அவற்றை எண்ணத் தொடங்கியது. பாதியில் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டேன்.